காலடி படாத இடம்

லிவர்மோர், கலிபோர்னியா
8 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய மன்னி அவர்களுக்கு ஜலஜா நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் இவரும் நலமே. உங்கள் முழங்கால் வலி தணிந்து, மாடிப்படி ஏறி இறங்க முடிகிறதென நம்புகிறேன்.

விரல் தொட்டால் குரல் கேட்கும் காலத்தில் இவள் ஏன் தாளும் மையுமாக வருகிறாள் என்று நினைப்பீர்கள். அண்ணா காலமான பத்தாம் நாளன்று உங்கள் கூடத்தில் நான் உரைத்த சொல்லை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். "எனக்கு இது ஒண்ணும் புரியல, புரியாததைப் பண்ண முடியாது அத்தை" என்று காரியத்தின் பாதியில் எழுந்து போன உங்கள் மகன் கிரீஷைப் பார்த்து, "எள்ளும் தண்ணியும் இறைக்காத கை எங்கண்ணா வெச்சுட்டுப் போன எதையும் தொடப்படாது. இந்தாத்து போன்ல இனிமே என் குரலும் கேக்காது" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பவள் நான். ஆகவே கடிதம்.

விஷயம் இது. உங்கள் பக்கம் எடிசனில் ஒரு திருமணத்திற்கு வந்த என் சிநேகிதி மகள் விஷாகா உங்களையும் பார்த்துவிட்டு வந்தாள் அல்லவா? "ஆன்ட்டி, அங்கிளோட ஆர்க்கிட் எல்லாம் வத்தக்குழம்புல போடலாம் போல காஞ்சு கிடக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலின் நடுவே உள்ள மஞ்சள் பூச்செடி எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "அதுதான் ரொம்ப மோசம்" என்றாள்.

நான் எந்தக் கல்லூரியிலும் தாவரவியல் பயின்றவள் அல்லேன். வேலை செய்ய அனுமதியற்ற விசாவில் வந்து, கடையொன்று குப்பைக்கு ஒதுக்கிய வண்டியிலிருந்து ஒரு செடியைக் கேட்டு வாங்கி, நூலகப் புத்தகங்களைத் துணைகொண்டு அதைப் பிழைப்பித்தவள். அச்செடி ஈன்ற குட்டிதான் உங்கள் ஜன்னலில் உள்ளது. குட்டி வேர் பிடிக்கும்வரை நடுவே திணிக்கும் பாசிப் பஞ்சைக்கூட விட்டுவைக்காது, என் கையால் ஒரு நூலும் மிச்சமின்றி நீக்கித்தான் அண்ணாவிடம் கொடுத்தேன். அப்பஞ்சு உள்ளே தங்கினால் வேர் அழுகும். அத்தகைய பிழையை நான் எந்நாளும் செய்ததில்லை. என்னிடமிருந்த தாய்ச்செடி சென்ற குளிரில் மடிந்தது. எஞ்சியது அந்த ஒன்றே.

தை பிறந்ததும் நேரில் வந்து அண்ணாவின் செடிகள் அனைத்தையும் எடுத்துச் செல்வேன். அதுவரை நான் எழுதுவதுபோல் நீங்கள் செய்ய வேண்டும். கிரீஷின் கை அவற்றில் படலாகாது. இது என் நிபந்தனை.

தங்கள் நலம் நாடும்,
ஜலஜா


பிளெய்ன்ஸ்பரோ, நியூஜெர்ஸி
21 செப்டம்பர் 2024

சௌபாக்கியவதி ஜலஜாவுக்கு மன்னி ராஜலக்ஷ்மியின் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா? என் முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது தன் பாட்டுக்கு இருக்கிறது. நான் என் பாட்டுக்கு நடக்கிறேன்.

அவர் போன பிறகு அந்த ஜன்னல் பக்கம் போகவே எனக்கு மனம் வரவில்லை. நீ திட்டியது நியாயமே. இன்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மற்றவை காய்ந்து, இலை சுருங்கிக் கிடக்கின்றன. மஞ்சள் மட்டும் வேறு மாதிரி. இலைகள் துவண்டிருக்கின்றன, ஆனால் தொட்டி கனக்கிறது. உள்ளே ஈரம். நான் அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை.

உன் நிபந்தனையைப் படித்தேன். ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளையின் கையை நான் கட்டியா வைக்க முடியும்? டெக்ஸாஸ் வேலையை விட்டுவிட்டு, அம்மா தனியாக இருக்கக் கூடாதென்று இங்கே வந்திருக்கிறான். காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வருகிறான். உன் உறையைப் பார்த்ததும், "அத்தை லெட்டரா? என்னவாம்?" என்றான்.

"அப்பா செடியெல்லாம் வேணுமாம்."

"எடுத்துண்டு போகட்டும். அவாளுக்குத்தான் பார்த்துக்கத் தெரியும்." கதவு வரை போய்த் திரும்பி வந்து, "அந்த யெல்லோ மட்டும் இங்கயே இருக்கட்டும்னு கேளேன். நான் சொன்னேன்னு சொல்லாதே" என்றான்.

சொல்லிவிட்டேன். இதற்கு நான் சத்தியம் ஏதும் செய்து கொடுக்கவில்லை.

அன்புடன்,
மன்னி


லிவர்மோர்
30 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய மன்னி அவர்களுக்கு நமஸ்காரம். இவர் உப்பைக் குறைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார். ஊறுகாய் ஜாடி வேறு கதை சொல்கிறது.

காய்ந்த செடியைக் காப்பது எளிது. ஊறிய செடியைக் காப்பது அரிது. ஆர்க்கிட் மண்ணில் வாழும் சாதி அன்று. மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, காற்றில் வேரை நீட்டி, பெய்து ஓய்ந்த மழையில் பிழைப்பது. நின்ற நீர் அதற்கு நஞ்சு. நீங்கள் ஊற்றவில்லையெனில் ஊற்றுபவர் யார்? கேட்டுச் சொல்லுங்கள்.

இந்த வாரமே தொட்டியைக் கவிழ்த்துச் செடியை வெளியே எடுங்கள். பழைய மரப்பட்டைத் துண்டுகளை முழுதும் உதிர்த்துவிடுங்கள். அழுத்தினால் கெட்டியாக இருக்கும் வேரை விட்டுவையுங்கள், குழைவதை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தரியை நெருப்பில் காட்டுங்கள். வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூள் தடவி, ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு, ஊறவைத்த புதிய பட்டையில் நடுங்கள். ஈரப்பதம் காக்க மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் துளையில்லாத அந்த அலங்காரத் தொட்டியைத் தூக்கி எறியுங்கள்.

மஞ்சளைப் பற்றி கிரீஷ் கேட்டதாக எழுதினீர்கள். கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. பத்தாம் நாளன்று அதை அவனே இழந்தான். சென்ற தையில் அண்ணாவின் திதியை எங்கள் சித்தப்பா மகன் சந்தானத்தைக் கொண்டு இங்குள்ள கோவிலில் செய்வித்தேன். வரும் தைக்கும் அவனிடமே சொல்லியிருக்கிறேன்.

ஜலஜா


பிளெய்ன்ஸ்பரோ
13 அக்டோபர் 2024

அன்புள்ள ஜலஜாவுக்கு ஆசீர்வாதம். நவராத்திரிக்கு ஒரு படி மட்டும் கொலு வைத்தேன். உன் வீட்டுக் கொலு எப்படி அமைந்தது?

நேற்று சமையலறை மேடையில் செய்தித்தாளை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தேன். ஊசிப்போன மாவின் வாடை. வேர்கள் அழுகிய வாழைத்தண்டின் நார் மாதிரி கையோடு வந்தன. கெட்டியாக மிஞ்சியவை இரண்டு. நீ பெருமையாகச் சொன்ன இடத்தையும் பார்த்தேன். நடுவில் பஞ்சு எதுவும் இல்லை, சுத்தமாகத்தான் கொடுத்திருக்கிறாய்.

ஆனால் பட்டைத் துண்டுகளுக்கு இடையே கறுப்புக் கறுப்பாக மணிகள். ஒரு முனை கூர்ந்து, தட்டையாக, மிகச் சிறியவை. அடியில் இருந்தவை அழுகிச் சேறாகிவிட்டன. நடுவில் இருந்தவற்றில் சில வெடித்து வெள்ளையாக எதையோ நீட்டியிருந்தன. மேலே இருந்தவை புத்தம் புதியவை. மற்றத் தொட்டிகள் எதிலும் இவை இல்லை. இவை என்னவென்று நீயே யோசித்துச் சொல்.

நீ சொன்னபடியே வெட்டி, தூள் தடவி வைத்திருக்கிறேன். கிரீஷ் வந்து, "என்னம்மா இப்படி ஸ்மெல்?" என்றான்.

"மஞ்சள் செடிக்கு வேர் அழுகிப் போச்சுடா."

"பிழைக்குமா?"

"அத்தையைத்தான் கேக்கணும்."

"கேளு. நான் கேட்டதா வேண்டாம்."

யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டிருந்தாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மன்னி


லிவர்மோர்
21 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய மன்னி அவர்களுக்கு நமஸ்காரம். இவ்விடம் அனைவரும் நலம். ஒன்பது படிக் கொலு. ஒன்பதாம் நாள் எனக்கு இடுப்பு இல்லை.

நீங்கள் விவரித்ததைப் படித்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அவை பூச்சி முட்டைகள். வெடித்து வெள்ளையாக நீட்டியவை புழுக்கள். ஈரமான பட்டையில் சிறு ஈக்கள் முட்டையிடுவது ஆர்க்கிட் வளர்ப்போர் யாவரும் அறிந்ததே. அழுகலுக்கும் அவையே காரணம். வேப்பெண்ணெய் கலந்த மருந்தை வாரம் ஒருமுறை தெளியுங்கள். ஜன்னலை அடைத்து வையுங்கள். இத்துறையில் இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் என் கணிப்பு தவறியதில்லை.

பதில் இல்லை என்று எழுதினீர்கள். உங்கள் வீட்டில் இருப்பவர்கள் இருவர். நீங்கள் ஊற்றவில்லை என்றால் ஊற்றியது யாரென எழுத ஒரு பெயர் போதும். பிள்ளையைக் காப்பதற்காக மறைக்கிறீர்கள். அண்ணாவின் செடியை அவன் ஊற்றிக் கொன்றிருந்தால் அதை நேரில் வந்து அவனிடமே கேட்பேன். அப்போது என் வாயை அடக்க இவராலும் முடியாது.

ஜலஜா


பிளெய்ன்ஸ்பரோ
5 நவம்பர் 2024

அன்புள்ள ஜலஜாவுக்கு, தீபாவளி ஆசீர்வாதங்கள். கங்கா ஸ்நானம் ஆயிற்றா? எங்களுக்கு ஓக் ட்ரீ ரோடு கடை மிக்ஸரும் என் கைத் தேங்காய் பர்பியும்.

மருந்து தெளித்தேன். ஜன்னலை அடைத்தேன். ஆயினும் புதிய பட்டையின் மேல் மீண்டும் அந்தக் கறுப்பு மணிகள் வந்திருக்கின்றன. தினம் பார்க்கிறேன், ஜலஜா. தினம் வருவதில்லை. சென்ற மாதம் மகாளய அமாவாசை கழிந்த காலை இருந்தன. இந்த மாதம் தீபாவளி அமாவாசை கழிந்த காலை இருந்தன. இடையில் ஒன்றுகூட இல்லை.

சிலவற்றைச் சொல்ல எனக்கு வாய் கொடுக்கப்படவில்லை. கையில் அகப்பட்டதை அனுப்ப எவரும் தடை சொல்லவில்லை. இந்தத் தாளின் அடியில் சில மணிகளை ஒட்டியிருக்கிறேன். பார்.

மிஞ்சிய இரண்டு வேர்களில் ஒன்று போய்விட்டது. நீ சொன்ன பிளாஸ்டிக் உறையை இன்றுதான் கவிழ்த்து வைத்தேன்.

மன்னி


பிளெய்ன்ஸ்பரோ
7 டிசம்பர் 2024

அன்புள்ள ஜலஜாவுக்கு ஆசீர்வாதம். சென்ற கடிதம் கிடைத்ததா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து வரி ஒன்றும் இல்லை. உனக்கோ மாப்பிள்ளைக்கோ உடம்புக்கு ஏதும் இல்லையே? விஷாகாவிடம் கேட்டேன், "ஆன்ட்டி நன்னாத்தான் இருக்கா, ஆனா பேசவே மாட்டேங்கறா" என்றாள். நீ பேசாமல் இருக்கிறாய் என்றால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

காய்ந்திருந்தவை தெளிந்துவிட்டன. இரண்டில் புது இலை. மஞ்சள் ஒற்றை வேரில் நிற்கிறது, பிளாஸ்டிக் உறைக்குள். கிரீஷ் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மேலே வருகிறான். "அத்தை ஒண்ணும் சொல்லலையா?" என்கிறான். கோபமாகக் கேட்கிறானா, பயந்து கேட்கிறானா என்று அவனைப் பெற்ற எனக்கே தெரியவில்லை.

திட்டியாவது எழுது.

மன்னி


லிவர்மோர்
16 டிசம்பர் 2024

மன்னி அவர்களுக்கு நமஸ்காரம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று பூதக்கண்ணாடியையும் மூன்று புத்தகங்களையும் மேசைமேல் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். எந்தப் பூச்சியின் முட்டை என்று பெயர் கண்டுபிடித்து உங்களுக்கு எழுத வேண்டும் என்பது என் எண்ணம். எந்தப் படத்தோடும் அது பொருந்தவில்லை. இவர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து, காபியோடு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்னடி, எள்ளைப் போய் லெட்டர்ல ஒட்டி வெச்சிருக்கே?"

"இது பூச்சி முட்டைன்னா."

"இட்லிப் பொடிக்கு வறுப்பியே, அந்தப் பூச்சியா?" என்றார். ஒன்றைக் கிள்ளி வாயிலும் போட்டுக்கொண்டார்.

நான் எழுந்து சென்று எள் ஜாடியைத் திறந்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு உங்கள் கடிதங்கள் அனைத்தையும் முதலிலிருந்து படித்தேன்.

மன்னி, கல்யாணமான நாள் முதல் எள்ளுருண்டை பிடிக்கும் கைக்கு எள் தெரியாதா? நீங்கள் எனக்குப் புதிர் போடவில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லாமல், நானாகப் பார்க்கும்வரை காத்திருந்தீர்கள். நான் உங்களுக்கு மருந்து எழுதி அனுப்பினேன்.

அமாவாசைக்கு அமாவாசை உங்கள் வீட்டில் எள்ளும் நீரும் இறைப்பவன் யாரென்று இப்போது கேட்க மாட்டேன். எப்போதிலிருந்து என்று மட்டும் சொல்லுங்கள். என்னிடம் ஏன் மறைத்தான் என்றும் சொல்லுங்கள்.

ஜலஜா


பிளெய்ன்ஸ்பரோ
28 டிசம்பர் 2024

அன்புள்ள ஜலஜாவுக்கு ஆசீர்வாதம். மாப்பிள்ளையின் கண்ணுக்குத் திருஷ்டி சுற்றிப் போடு.

நீயாகக் கண்டுகொண்டாய்; இனி நான் வாய் திறப்பதில் சத்தியம் உடையாது என்று நினைத்துக்கொள்கிறேன். அவர் காலமான வருடமே, ஆடி அமாவாசையன்று, அவருடைய அறையில் வெளிச்சம் தெரிந்து எட்டிப் பார்த்தேன். செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து, வீடியோவில் ஒருவர் சொல்லச் சொல்ல, தாம்பாளத்தின் முன் உட்கார்ந்திருந்தான். கையில் தர்ப்பை. ஓக் ட்ரீ ரோடில் வாங்கினானாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வீடியோவை நிறுத்தி, அர்த்தம் படித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னான். புரியாததைச் செய்ய மாட்டேன் என்றவன் அல்லவா? என்னைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"அத்தைக்குத் தெரிய வேண்டாம்மா. தெரிஞ்சா அத்தைக்குப் பயந்து பண்றேன்னு ஆயிடும். நான் அப்பாக்காகப் பண்றேன்" என்றான். என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

இறைத்த நீரைக் காலடி படாத இடத்தில் விட வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்களாம். எங்களுக்கு இரண்டாம் மாடி. கீழே நாலு பேர் நாயோடு நடக்கும் புல்வெளி. அவனே சொன்னான்: "இந்த வீட்டில யாரும் போகாத இடம் அப்பாவோட ஜன்னல்தான்மா." போகாதவள் நான்தான். அந்த மஞ்சள் செடியில் விட்டான். அதற்குப் பிறகு ஒரு அமாவாசை தவறவில்லை.

வேர் அழுகியது எதனால் என்று அவனுக்குத் தெரியாது. நீயும் நானும் மட்டும் அறிவோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டாவது வேராவது பிழைத்திருக்கும். எனக்குத் துணிவு வரவில்லை. அப்பாவின் செடியைத் தன் கையாலேயே கொன்றோம் என்று தெரிந்தால் அன்றோடு தாம்பாளத்தைக் கவிழ்த்துவிடுவான். உனக்கு அவனைத் தெரியும். உன் பிடிவாதம்தான் அவனுக்கு வந்திருக்கிறது. சென்ற அமாவாசைக்கு மஞ்சளின் மேல் உறை மூடியிருந்ததால் பக்கத்துத் தொட்டியில் விட்டிருக்கிறான். இனி ஒவ்வொன்றாகப் போகும். இன்னும் இரண்டு நாளில் மறுபடி அமாவாசை. அதற்கடுத்தது தை அமாவாசை. அது முடிந்ததும் திதி.

செடி விஷயத்தில் நீ யாருக்காகவும் பொய் சொன்னவள் இல்லை. அவனிடம் சொல்லத்தான் போகிறாய் என்றால், என்னிடம் முதலில் சொல். நான் அவன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மன்னி


லிவர்மோர்
11 ஜனவரி 2025

சிரஞ்சீவி கிரீஷுக்கு அத்தையின் ஆசீர்வாதம். குளிரில் ரயிலுக்கு நடக்கும்போது காதை மூடிக்கொள்கிறாயா? உனக்குத் தமிழ் படிக்க நேரம் பிடிக்கும் என அறிவேன். நிதானமாகப் படி. அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. இது உனக்கு எழுதியது.

உன் அப்பாவின் மஞ்சள் செடிக்கு வேர் அழுகியது ஏன் என்று ஆராய்ந்து முடித்துவிட்டேன். காரணம் நான். குட்டி வேர் பிடிக்கும்வரை நடுவே பாசிப் பஞ்சு வைப்பார்கள். அதை நீக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நான் நீக்காமல் கொடுத்துவிட்டேன். அது உள்ளேயே நீரைப் பிடித்து வைத்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அழுகவைத்தது. இதில் வேறெவர் கையும் இல்லை. இத்துறையில் எனக்குப் பிழை நேராது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் எழுதுகிறேன். ஆகையால் நீ நம்பலாம்.

செடிகளை எடுத்துச் செல்ல நான் வரப்போவதில்லை. அவை அந்த ஜன்னலிலேயே இருக்கட்டும். மஞ்சள் பிழைக்குமா என்று கேட்டாயாம். ஒற்றை வேரில் பிழைத்த செடியை நான் பார்த்திருக்கிறேன், மடிந்ததையும் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை நீ உன் கையால் தொட்டுப் பார். பட்டை காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் சுத்தமான தண்ணீர். வேறு எதுவும் வேண்டாம்.

சந்தானத்துக்கு இவ்வாண்டு தை மாதத்தில் வேறு வேலை வந்துவிட்டது. ஆகவே திதிக்கு நான் இங்கே எவரையும் ஏற்பாடு செய்யவில்லை. உனக்கு எது தோன்றுகிறதோ அதைச் செய். அன்று உங்கள் வீட்டில் அதிகமாகச் சமைக்க வேண்டியிருந்தால் உன் அம்மாவின் முழங்கால் தாங்காது. கூட ஒரு கை வேண்டும். அத்திம்பேர் விமானச் சீட்டின் விலை பார்த்து வைத்திருக்கிறார். வேண்டுமென்றால் போன் பண்ணு. எடுப்பேன்.

இத்துடன் வரும் பெட்டியில் ஒரு மண்தொட்டியும் முளைவிட்ட சேப்பங்கிழங்கும் இருக்கின்றன. நல்ல மண்ணாக வாங்கிப் புதைத்து வை. யானைக்காது மாதிரி இலை விடும். ஆர்க்கிட்போல் அல்ல, சேம்புக்கு நீர் எவ்வளவு ஊற்றினாலும் அழுகாது. அதில் என்ன கலந்திருந்தாலும் தாங்கும்.

எங்கே வைப்பது என்று கேட்பாய். காலடி படாத இடமாகப் பார்த்து வை.

அத்தை
ஜலஜா